கறவைப் பசுக்களிலும் பூனைகளிலும் பரவிய விஷக்கிருமி நோய்: அதனைக் கண்டுபிடித்துப் பின்தொடர்ந்த முறை

கால்நடைகளுக்கு வரும் தொத்து வியாதிகளிற் சில, கண்ணாற் கண்ட மாத்திரத்தில் அறியத்தக்கவை. கோமாரி கண்ட மாட்டின் வாயிலும் குளம்பிடையிலும் கொப்புளம் எழும்பும், எச்சில் நூலாக ஒழுகும், மாடு நொண்டும். முதியோர் பலர் கேள்வியுற்றிருக்கும் வெக்கை நோயோ, கடுஞ்சுரமும் கழிச்சலுமாக வந்து மந்தை மந்தையாக மாடுகளைக் கொண்டுபோயிற்று. அவ்வெக்கை, தடுப்பூசியினாலும், நோய்கண்ட இடங்களை ஊர் ஊராகத் தேடிக் குறித்துக்கொண்ட உழைப்பினாலும், 2011-ம் வருஷத்தில் உலகத்தினின்றே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய நோய்களை முதலில் அறிபவன் வைத்தியனல்லன். மாட்டைத் தினந்தோறும் அவிழ்த்துக் கட்டும் குடியானவனே.

ஆனால் வெளிப்படையான அடையாளமின்றியோ, தினசரி நேரும் சாதாரணக் கோளாறு போன்ற தோற்றத்துடனோ வரும் நோயை அறிவது எங்ஙனம்? 2024-ம் வருஷத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பாற்பண்ணைகளில் நேர்ந்த சம்பவம் இவ்வினாவிற்குத் தக்க விடையளிக்கிறது. பாலை ஒன்றாகச் சேர்த்து விற்கும் எந்தச் சங்கத்தாரும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயமாதலின் அது ஈண்டுச் சற்று விரிவாகக் கூறப்படுகிறது.

அந்நாட்டின் தென்பாகத்திலுள்ள டெக்ஸாஸ் என்னும் ராஜ்யத்தின் வடபகுதியில் ஆயிரக்கணக்கான பசுக்களைக் கொண்ட பெரும் பாற்பண்ணைகள் உண்டு. 2024-ம் வருஷத் தொடக்கத்தில் அப்பண்ணைகளிற் சிலவற்றில் பசுக்கள் திடீரெனத் தீனியைக் குறைத்தன, அசைபோடுவதைத் தளர்த்தின, பால் வற்றியது. கறந்த பாலும் தன் நிறமும் குணமும் மாறி, ஈன்ற பசுவின் சீம்பாலைப்போல மஞ்சளாகவும் கெட்டியாகவும் வந்தது. இளங்கன்றுகளுக்கும் கறவை நின்ற பசுக்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் நேரவில்லை. பல ஈற்றுக் கண்டு, கறவையின் நடுப்பருவத்திலிருந்த பசுக்களே மிகுதியும் துன்புற்றன. அவையும் இரண்டு மூன்று வாரங்களில் பெரும்பாலும் தேறிவிட்டன. பக்கத்து ராஜ்யங்களாகிய கான்ஸாஸ், நியூ மெக்ஸிகோ இவற்றிலும் இதே செய்தி கேட்டது.

மாடு பெரும்பாலும் சாகவில்லை, கொப்புளமில்லை, புண்ணில்லை. தீனிக் கோளாறோ, தண்ணீரில் ஏதேனும் விஷமோ, மடிநோயின் ஒரு வகையோ என்று வைத்தியர்கள் ஐயுற்றனர். மாடுகளுக்கு வழக்கமாக வரும் கிருமிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடினர். ஒன்றும் அகப்படவில்லை. தேடியவர்களைக் குறைகூற இடமில்லை. மாட்டுக்கு வருமென்று எவரும் எண்ணியிராத கிருமியை மாட்டில் தேட யாருக்குத் தோன்றும்?

பூனைகளின் சாவு

பால் கறக்குமிடத்தில் பூனை காத்திருப்பது எந்நாட்டிலும் ஒன்றே. வட டெக்ஸாஸிலுள்ள ஒரு பண்ணையில் ஏறக்குறைய 24 பூனைகள் இருந்தன. நோயுற்ற பசுக்களின் பால் விற்பனைக்கு ஆகாதாகையால், காய்ச்சாத அப்பால் அவற்றிற்கு ஊற்றப்பட்டது. அப்பண்ணையில் பசுக்கள் நோயுற்றது முதன்முதலாக மார்ச்சு மாதம் 16-ந் தேதி கவனிக்கப்பட்டது. மறுநாளே பூனைகள் நோயுற்றன. உடல் விறைத்தது, நடை தள்ளாடியது, கண்ணும் மூக்கும் ஒழுகின, சில பூனைகள் பார்வையிழந்து ஒரே இடத்தில் வட்டமிட்டுச் சுற்றின. சில நாட்களுக்குள் பாதிக்கு மேற்பட்டவை இறந்தன.

பண்ணைப் பூனை இறந்தால் அதனைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டு மறப்பதே உலக வழக்கம். இங்கே அவ்வாறு செய்யாமல், இறந்த பூனைகளில் இரண்டினையும், நோயுற்ற பசுக்களின் பாலையும், இறந்த பசுக்களின் உறுப்புத் துண்டுகளையும் ஐயோவா ராஜ்யத்துச் சர்வகலாசாலையின் மிருகநோய்ப் பரிசோதனைச்சாலைக்கு அனுப்பினர். மார்ச்சு 21-ந் தேதி அவை அங்கே சேர்ந்தன. பூனைகளின் மூளையைக் கண்ட ஆராய்ச்சியாளர்க்கு ஒரு பழைய செய்தி நினைவிற்கு வந்தது. கோழிகளையும் காட்டுப் பறவைகளையும் கொல்லும் பறவைக் காய்ச்சல் என்னும் நோய், நோயுற்ற பறவையைத் தின்ற பூனையினத்தையும் கொல்லும் என்பது முன்னரே தெரிந்ததே. 2004-ம் வருஷத்தில் தாய்லாந்து தேசத்தில், கோழியிறைச்சி ஊட்டப்பட்ட புலிகள் பல இவ்வாறே மாண்டன. ஆகவே பூனையின் மூளையில் அந்நோயின் வைரஸைத் தேடினர், அகப்பட்டது. பிறகு பசுவின் பாலிலும் அதனையே தேடினர். பாலிலும் அது மிகுதியாக இருந்தது. அதே ஊரிலுள்ள தேசீயப் பரிசோதனைச்சாலையார் மார்ச்சு 25-ந் தேதி இதனை உறுதிசெய்து வெளியிட்டனர். மாதக்கணக்காகப் பசுக்களிடம் மறைந்திருந்த நோய், பூனைகள் வந்துசேர்ந்த ஐந்தாம் நாளில் வெளிப்பட்டுவிட்டது.

வைரஸ் என்பது சாதாரண பூதக்கண்ணாடிக்கும் புலப்படாத மிகமிகச் சிறிய விஷக்கிருமி. அது தானாக வளர மாட்டாது. உயிருள்ள ஒரு பிராணியின் உடலணுவினுள் புகுந்து, அவ்வணுவைக் கொண்டே தன்னைப்போன்ற பலவற்றை உண்டாக்கிக்கொள்ளும். பறவைக் காய்ச்சலின் வைரஸ் பல இனத்தது. அவற்றுள் எச்-5 என்-1 என்று பெயரிடப்பட்டதன் இப்பரம்பரை, 1996-ம் வருஷத்தில் சீன தேசத்துக் குவாங்டுங் மாகாணத்தில் வாத்தினங்களில் அறியப்பட்டது. 1997-ல் ஹாங்காங்கில் 18 மனிதர்க்குத் தொத்தி, அவர்களுள் 6 பேர் இறந்தனர். வலசை போகும் பறவைகளின் வழியாகப் பல கண்டங்களுக்கும் சென்று, 2021-ம் வருஷக் கடைசியில் வட அமெரிக்காவையும் அடைந்தது. இந்தியாவில் அது முதன்முதல் 2006-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மஹாராஷ்டிரத்து நவாப்பூரில் கோழிகளிடையே கண்டது.

இவ்வைரஸ் மாட்டின் மடியை ஏன் தேர்ந்துகொண்டது? எந்த வைரஸும் தான் பற்றிக்கொள்ளத்தக்க ஒருவகைப் பிடிப்பு இருக்கும் அணுவினுள்தான் புகமுடியும். பூட்டிற்கேற்ற திறவுகோல் என்று அதனைக் கூறலாம். பறவையின் குடலிலுள்ள பூட்டை ஒத்த பூட்டுகள் பசுவின் மடியிலும் மிகுதியாக உள்ளன. ஆதலின் மடிக்குள் சென்ற வைரஸ் அங்கே அளவின்றிப் பெருகுகிறது. மூக்கில் எடுத்த மாதிரியில் ஒன்றும் காணாத பசுவின் பாலில், ஒரு துளியிலேயே எண்ணிறந்த வைரஸ் இருக்கக்கூடும். ஒரு பசுவைக் கறந்த யந்திரத்தின் குழாயை அடுத்த பசுவின் காம்பிற் பொருத்தும்போது நோயும் உடன் செல்கிறது. கையாற் கறக்குமிடத்தில் கறப்பவன் கை அந்தக் குழாயின் வேலையைச் செய்யக்கூடும் என்பதை எடுத்துக்கூற வேண்டுவதில்லை.

பாலிற் கிருமியை அறியும் வகை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பாலில் எவ்வாறு காண்கின்றனர் என்பதும் அறியத்தக்கதே. ஒவ்வோர் உயிர்க்கும் அதனதன் லட்சணங்கள் யாவும் எழுதப்பட்ட ஒரு மூலப்பிரதி உண்டு. நான்கே எழுத்துக்களால் எழுதப்பட்டது அது. இவ்வைரஸின் பிரதி ஏறக்குறைய 13,500 எழுத்துக்களைக் கொண்டது. எட்டுத் தனித்தனிச் சுவடிகளாகப் பிரிந்திருப்பது. பி.சி.ஆர். என்னும் பரிசோதனையில், வைரஸின் பிரதி முதலில் படியெடுத்தற்கு எளிதான வேறொரு வடிவத்தில் பெயர்த்தெழுதப்படுகிறது. பிறகு அதில் குறித்த ஒரு பகுதிமட்டும் திரும்பத் திரும்ப இரட்டிக்கப்படுகிறது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். சதுரங்கப் பலகையின் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்து வைக்கச்சொன்ன கதையைக் கேட்டவர்கள் இதன் வேகத்தை உணர்வர். 20 முறை இரட்டித்தால் ஒன்று 10 லட்சத்திற்கு மேலாகிறது. 30 முறையில் 100 கோடியைக் கடக்கிறது. அப்போது அதனைக் கருவி எளிதிற் காட்டிவிடும். எத்தனை முறை இரட்டித்தபின் கருவி காட்டிற்று என்பதைக் குறித்துக்கொள்கின்றனர். அவ்வெண் சிறிதாயின் பாலில் வைரஸ் மிகுதி, பெரிதாயின் சொற்பம். தேடிய பகுதி பாலில் இல்லையேல் எத்தனைமுறை முயன்றும் ஒன்றும் தோன்றாது.

இப்பரிசோதனைக்கு ஒரு குறையுண்டு. எந்தக் கிருமியைத் தேடுகின்றோமென்று முன்னரே தெரிந்திருந்தாலன்றி அது பயன்படாது. கோமாரியைத் தேடும் பரிசோதனை பறவைக் காய்ச்சலைக் காட்டமாட்டாது. டெக்ஸாஸ் வைத்தியர்கள் பல வாரம் இருளில் தடவ நேர்ந்ததும் இதனாலேயே. பூனைகள் செய்த உதவியும் இதுவே. எதைத் தேடுவதென்பதை அவை காட்டின.

மற்றொரு வகைப் பரிசோதனை இரத்தத்தைப் பற்றியது. நோய் கண்டு தேறிய பிராணியின் இரத்தத்தில் அந்நோயை எதிர்க்கும் பொருள்கள் சிலகாலம் தங்கும். அவற்றைக் கண்டால், வைரஸ் இப்போது இல்லாவிடினும் முன்னர் வந்துசென்றதென்று அறியலாம். அமெரிக்காவின் ஒஹையோ ராஜ்யத்தில் சற்றேறக்குறைய 3,900 பசுக்கள் கொண்ட ஒரு மந்தையில் நோய் புகுந்தபோது, ஐந்திலொரு பங்குப் பசுக்களே நோயுற்றவையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. பின்னர் 600-க்கு மேற்பட்ட பசுக்களின் இரத்தத்தைச் சோதித்ததில், பத்தில் ஒன்பது பங்கு பசுக்களுக்கு வைரஸ் தொத்தியிருந்ததாகத் தெரியவந்தது. தொத்தியவற்றுள் நான்கில் மூன்று பங்கு யாதொரு நோய்க்குறியும் காட்டாதவை! நோய்க்குறி காட்டிய பசு ஒவ்வொன்றும் இரண்டு மாத காலத்தில் சுமார் 900 கிலோகிராம் பாலைக் குறைத்தது. ஒரு பசுவினால் உண்டான நஷ்டம் ஏறக்குறைய 950 டாலர் என்று கணக்கிடப்பட்டது. நோயுற்ற மாட்டை மட்டும் பிரித்துக் கட்டினால் போதுமென்று எண்ணுவோர் இக்கணக்கைக் கவனிக்க வேண்டும்.

நோய் சென்ற வழி

மார்ச்சு 25-ந் தேதி அறிவிப்பு வெளியான நான்கு நாளைக்குள், டெக்ஸாஸிலிருந்து வெகுதூரம் வடக்கேயுள்ள மிஷிகன் ராஜ்யத்தில் ஒரு மந்தையில் இந்நோய் உறுதியாயிற்று. அங்கே சமீபத்தில் டெக்ஸாஸிலிருந்து பசுக்கள் வாங்கப்பட்டிருந்தன. ஏற்றியபோது அவை நோயின்றியே காணப்பட்டன. இவ்வாறு பல ராஜ்யங்களுக்கு மாடு ஏற்றிய வண்டியே நோயையும் ஏற்றிச் சென்றது. சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லையும் சுழியையும் மடியையும் பார்ப்பர். ஆனால் இந்நோயின் விஷயத்தில் பார்த்து அறியக்கூடியது ஒன்றுமில்லை. ஆகவே அந்நாட்டு மத்திய சர்க்கார், கறவைப் பசுக்களை ஒரு ராஜ்யத்தினின்று மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லுமுன் பாலைப் பரிசோதிக்க வேண்டுமென்று உத்தரவிட்டனர். அவ்வுத்தரவு 2024-ம் வருஷம் ஏப்ரல் 29-ந் தேதி அமலுக்கு வந்தது.

மிஷிகனில் பின்னர் நடந்த விசாரணையில், மாடு வாங்காத பண்ணைகளுக்கும் நோய் பரவியது புலனாயிற்று. பண்ணைக்குப் பண்ணை சென்று வேலைசெய்த ஆட்களும், பொதுவாக உபயோகித்த வண்டிகளும் கருவிகளும் அதற்கு வழியாயின என்று கருதப்பட்டது. மேலும், அதே ராஜ்யத்தில் பாற்பண்ணைத் தொழிலோடு சம்பந்தப்பட்ட இருவர் வீடுகளில், வெளியே விடாமல் வளர்க்கப்பட்ட பூனைகளுக்கு 2024-ம் வருஷம் மே மாதத்தில் இந்நோய் கண்டது. அவ்விருவருள் ஒருவர், பல பண்ணைகளிலிருந்து காய்ச்சாத பாலை வண்டியில் ஏற்றிச் செல்பவர். பால் அடிக்கடி அவர்மீது சிந்தும். அவ்வுடையோடே வீட்டினுட் செல்வார். பூனை அவ்வுடையின்மேற் புரளும். பூனை நோயுற்று இறந்தது. தம்மைச் சோதித்துக்கொள்ள அவர் உடன்படவில்லை. பால் கொடுக்கும் பண்ணைகளைக் காட்டிக்கொடுத்ததாகுமென்றும், வேலை போய்விடுமென்றும் அவர் அஞ்சினார். நோயைப் பின்தொடரும் எந்த ஏற்பாட்டிற்கும் இத்தகைய அச்சமே பெருந்தடை. அவ்வச்சம் காரணமற்றதென்று சொல்லிவிடவும் இயலாது. சோதனையில் நோயுண்டென்று வந்தால் மாட்டை விற்கவும் பெயர்க்கவும் தடை, பாலுக்குக் குறைவு, அயலார் பேச்சு வேறு. இதனை உணர்ந்தே, நோயினாற் பால் குறைந்த பண்ணையாளருக்கு அக்குறைவின் பெரும்பகுதியை ஈடுசெய்ய அந்நாட்டு விவசாய இலாகா 2024-ம் வருஷத்தில் ஏற்பாடு செய்தது. நஷ்டத்திற்கு ஈடு கிடைக்குமென்ற உறுதியில்லாத இடத்தில், நோயைத் தானாக வந்து தெரிவிக்கும்படி ஒருவனைக் கேட்பது எளிதன்று.

மாடும் ஆளும் சென்ற வழியை விசாரணையால் அறியலாம். வைரஸ் எப்போது, எத்தனைமுறை பறவையினின்று மாட்டிற்குத் தாவியது என்பதை அறிய வேறொரு வழி வேண்டும். பழைய ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தவர்களின் வழக்கத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். ஓர் ஏட்டைப் பார்த்து ஐவர் படியெடுத்தால், அவர்களுள் ஒருவர் ஓரிடத்தில் ளகரத்திற்கு ழகரம் எழுதிவிடுவார். அவர் பிரதியைப் பார்த்து மேலும் படியெடுப்போர் அப்பிழையையும் சேர்த்தே எழுதுவர். தாமும் புதிதாகச் சில பிழைகளைச் சேர்ப்பர். பின்னாளில் அப்பிரதிகளை ஒன்றுசேர்த்து நோக்குபவர், எந்தப் பிழை எதிலுள்ளதென்று ஒப்பிட்டு, எது எதனைப் பார்த்து எழுதப்பட்டதென்று கூறிவிடக்கூடும். வைரஸும் தன்னைப் படியெடுக்குந்தோறும் பிழை செய்கிறது. நூற்றுக்கணக்கான பசுக்களிலும் பூனைகளிலும் பறவைகளிலும் எடுத்த வைரஸ்களின் எழுத்துக்களை முழுமையும் படித்து ஒப்பிட்ட ஆராய்ச்சியாளர், 2025-ம் வருஷத்தில் தம் முடிவை வெளியிட்டனர். பல ராஜ்யங்களிலும் 2024-ல் பரவிய மாட்டு வைரஸ்கள் அனைத்தும் ஒரே மூலப்பிரதியின் வழிவந்தவை. 2023-ம் வருஷக் கடைசியில் காட்டுப் பறவையிலிருந்து ஒரேயொருமுறை மாட்டிற்குத் தாவியதிலிருந்து கிளைத்தவை. அதன்பின் எவருமறியாமல் சில மாதம் பரவியவை. பசுவிலும் பூனையிலும் கண்ட வைரஸ் ஏறக்குறைய எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருந்தமையால், பூனைக்கு நோய் வந்தது பசுவின் பாலினாலேயே என்பதும் உறுதிப்பட்டது.

நோய் அத்துடன் நிற்கவில்லை. 2024-ம் வருஷம் ஆகஸ்டு மாதக் கடைசியில் கலிபோர்னியாவை அடைந்து, அங்கே மட்டும் 700-க்கு மேற்பட்ட மந்தைகளிற் புகுந்தது. 2025-ம் வருஷ மத்தியில் 17 ராஜ்யங்களில் 1,000-க்கு மேற்பட்ட மந்தைகள் நோயுற்றவையாகக் கணக்கிடப்பட்டன. மனிதரிலும், பெரும்பாலும் பண்ணையாட்களிடம், கண் சிவத்தலும் இலேசான காய்ச்சலுமாக நோய் கண்டது. அவ்வகையில் பசுக்களிடமிருந்து தொத்தியதாகத் தெரிந்தவர் 2025-ம் வருஷத் தொடக்கம் வரையில் 41 பேர்.

சேர்ந்த பாலைச் சோதித்தல்

பாற்சங்கத்தார்க்கு மிகவும் நெருங்கிய விஷயம் இனிக் கூறப்படுவதே. ஆயிரம் பசுக்களைத் தனித்தனியே சோதிப்பதற்குக் காலமும் பொருளும் போதா. ஆனால் ஆயிரம் பசுக்களின் பாலும் ஒரு தொட்டியிற் சேர்கிறதே! நோயுற்ற பசுவின் பாலில் வைரஸ் அளவிறந்து இருப்பதால், அது நூறு மடங்கு நல்ல பாலுடன் கலந்தபோதும் பி.சி.ஆர். பரிசோதனைக்குத் தப்பாது. 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், கடைகளில் விற்ற பால், பாற்பொருள்கள் இவற்றில் 38 ராஜ்யங்களைச் சேர்ந்த 297 மாதிரிகளைச் சர்க்கார் சோதித்தபோது, ஐந்தில் ஒன்றில் வைரஸின் சிதைந்த துண்டுகள் காணப்பட்டன. அதுவரை நோயுற்றவையென்று தெரிந்த மந்தைகள் மிகச் சிலவே. உண்மையில் நோய் எவ்வளவு விரிந்திருந்ததென்பதைக் கடைப்பால் காட்டிவிட்டது. அம்மாதிரிகளைக் கோழிமுட்டையிற் செலுத்திப் பார்த்ததில் உயிருள்ள வைரஸ் எதிலும் வளரவில்லை. அப்பால் விற்பனைக்கு வருமுன் 72 டிகிரி உஷ்ணத்தில் 15 விநாடி காய்ச்சப்பட்டதே அதற்குக் காரணம். தமிழ்நாட்டு வீடுகளிற் பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்கும் வழக்கம் இவ்விஷயத்தில் பெரும் பாதுகாப்பு. பூனைக்கும் நாய்க்கும் மட்டும் யாரும் காய்ச்சி ஊற்றுவதில்லை.

2024-ம் வருஷம் டிஸம்பர் மாதத்தில் அந்நாட்டு விவசாய இலாகா, பாலைப் பதப்படுத்தும் சாலைகளில் பல பண்ணைகளின் காய்ச்சாத பால் சேரும் பெருங்கலங்களிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கும் ஏற்பாட்டை நாடெங்கும் தொடங்கிற்று. கலத்தில் வைரஸ் காணப்பட்டால், அதற்குப் பால் அனுப்பிய பண்ணைகள் எவையெவை என்று வரவுக் கணக்கைப் பார்த்து, ஒவ்வொரு பண்ணையின் தொட்டியும் சோதிக்கப்படும். எந்தத் தொட்டியில் வைரஸ் உள்ளதோ அந்தப் பண்ணை அறியப்படும். ஒரு மாதத்திற்குள் அதன் பயன் தெரிந்தது. நெவாடா ராஜ்யத்தில் 2025-ம் வருஷம் ஜனவரியில் ஒரு பெருங்கலத்துப் பாலில் வைரஸ் கண்டு, பண்ணைகளைத் தேடிச் சென்றனர். அதற்குமுன் அப்பண்ணைகளிற் பசுக்கள் நோயுற்றதாக எவரும் கூறியிருக்கவில்லை. அவ்வைரஸின் எழுத்துக்களை முழுமையும் படித்தபோது, அது டெக்ஸாஸில் தோன்றிய பரம்பரையன்று. பறவையிலிருந்து மாட்டிற்கு இரண்டாம் முறையாகப் புதிதாகத் தாவிய வேறொன்று என்று ஜனவரி 31-ந் தேதி உறுதியாயிற்று. அதன்பின்னரே பசுக்களில் நோய்க்குறிகளும், பண்ணைகளின் அருகே காட்டுப் பறவைகள் கூட்டமாக இறந்ததும் தெரிவிக்கப்பட்டன. டெக்ஸாஸில் முதல் தாவலை அறிய மாதக்கணக்காயிற்று. இறந்த பூனைகளும் வேண்டியிருந்தன. நெவாடாவில் இரண்டாம் தாவலைப் பாற்கலமே அறிவித்தது.

இவ்வேற்பாட்டில் விலையுயர்ந்த கருவிகள் பரிசோதனைச்சாலையில்தான் உண்டு. ஆனால் அதற்கு ஆதாரமாயிருந்தது, எந்தக் கலத்தில் எவர் பால் எத்தேதியில் ஊற்றப்பட்டதென்ற கணக்கு. அந்தக் கணக்கைச் சரியாக வைத்திராத சாலையில், கலத்தில் நோய் கண்டும் அதனைப் பண்ணைவரையிற் பின்தொடர முடியாது. அங்கத்தினர் பாலை வேளைதோறும் அளந்து பதிவுசெய்யும் கூட்டுறவுச் சங்கங்களில் அக்கணக்கு ஏற்கெனவே உள்ளது. பணம் பட்டுவாடாவிற்காகவே வைக்கப்படும் அப்புத்தகம், நோய் காலத்தில் வேறொரு வேலைக்கும் உதவும். ஒரே வாரத்தில் பல வீடுகளின் பால் காரணமின்றிக் குறைந்திருப்பதை முதலில் காணக்கூடியவர், அப்புத்தகத்தை எழுதுபவரே.

இந்தியாவிலும் பூனையினத்தில் இந்நோய் காணப்படாமலில்லை. 2024-ம் வருஷ முடிவில் நாகபுரியருகே வனவிலங்குக் காப்பகமொன்றில் புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலால் இறந்தன. 2025-ம் வருஷத் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளில் எச்-5 என்-1 உறுதியாயிற்று. இந்நோயை இந்தியாவில் உறுதிசெய்யும் பரிசோதனைச்சாலை போபாலில் உள்ளது. மிருகங்களின் தொத்து நோய்களைத் தடுக்க 2009-ம் வருஷத்தில் இயற்றப்பட்ட சட்டப்படி, அட்டவணையிற் கண்ட நோய் உண்டென்று சந்தேகிக்கும் உரிமையாளர் அதனைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர்; அவர் வழியாகச் செய்தி கால்நடை வைத்தியருக்குச் செல்லும்.

தெரிவிக்க வேண்டிய தருணம் எது என்பதில் ஐயம் எழலாம். ஒரு பசு ஒருநாள் தீனி தின்னாதிருந்தால் அதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஒரே தெருவிலோ ஒரே கொட்டிலிலோ பல பசுக்கள் இரண்டு மூன்று நாட்களுக்குள் பால் குறைந்து, ஈன்று நாளான பசுவின் பால் சீம்பால்போலத் திரிந்து மஞ்சளித்து வருவது அவ்வாறன்று. அதனுடன் பூனைகள் தள்ளாடி இறப்பதோ, கோழியும் காக்கையும் கொக்கும் காரணமின்றி இறந்து கிடப்பதோ சேருமாயின், தாமதமின்றி வைத்தியரை அழைக்க வேண்டும். இறந்த பூனையையும் பறவையையும் வெறுங்கையால் எடுத்தலாகாது. வைத்தியர் வருமுன் புதைத்துவிடுதலுமாகாது. அப்பசுக்களின் பாலைப் பூனைக்கோ நாய்க்கோ கன்றுக்கோ ஊற்றாமலும், சங்கத்துப் பாத்திரத்திற் சேர்க்காமலும், தனியே காய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். அவற்றைக் கடைசியிற் கறந்து, கறந்தபின் கையையும் உடையையும் பாத்திரத்தையும் சோப்பு நீரால் நன்கு கழுவ வேண்டும்.

பாலின் மாதிரியை வைத்தியரே எடுப்பார். காம்புகளைத் துடைத்து, முதல் பீச்சலை ஒதுக்கி, நான்கு காம்புகளிலிருந்தும் சிறிது சிறிதாகச் சுத்தமான குப்பியில் எடுத்து, ஐஸ் கட்டிகளிடையே வைத்து அனுப்புவது முறை. வெயிலில் கிடந்த பால் பரிசோதனைக்கு உதவாது. ஆகையால் அவர் வரும்போது ஐஸ் கட்டி ஆயத்தமாயிருந்தால் அரைநாள் மிச்சமாகும். அவர் கேட்கும் விவரங்களையும் முன்னரே எழுதி வைத்திருப்பது நலம்: பசுவின் அடையாளம், எத்தனையாம் ஈற்று, பால் குறைந்த தேதி, அதற்கு முன்னைய பத்து நாளின் பால் அளவு, கறப்பவர் யார், அவர் வேறு எந்தெந்த வீட்டிற் கறக்கிறார், பசுவை எப்போது எந்தச் சந்தையில் யாரிடம் வாங்கியது, வீட்டிற் பூனை எத்தனை, அவற்றுள் இப்போது உயிரோடிருப்பவை எத்தனை.